இரவல் வெயில்

நிற அட்டையில் இரண்டுக்கும் ஆங்கிலப் பெயர்.
ஒன்றில் ஓட்ஸ் இருந்தது, இன்னொன்றில் பனிமூட்டம்.
சேர்மக்கனி உரக்க வாசித்துவிட்டுச் சொன்னான்:
இது புழுங்கலரிசி, அது பச்சரிசி.
அதற்குப் பிறகு வேறு பெயர் வாயில் வரவில்லை.

ஏப்ரலில், கூடத்துச் சுவரில், ஆளுக்கொரு சதுரம்.
நூறு மில்லி டப்பா, ஒரே பிரஷ்.
அவன் புழுங்கலை ஸ்கேல் வைத்து அடித்தான்.
என் பச்சரிசி ஒரு ஓரத்தில்
இன்னும் வழிந்துகொண்டிருப்பது போல இருக்கும்.

சயான் கோலிவாடாவில் எங்கள் மூன்றாம் மாடிக்கு
வெயில் நேராக வராது.
எதிர்க் கட்டடத்தின் ரோஸ் சுவரில் பட்டு,
அங்கே காயும் லுங்கிகளிடம் கொஞ்சம் சாயம் வாங்கி,
மிச்சம்தான் வரும்.
மூன்று இருபதுக்கு வந்து நாலுக்குள் போய்விடும்.
அந்த நாற்பது நிமிடமும்
இரண்டும் ஒரே ரேஷன் அரிசி.

இரவில்தான் வித்தியாசம்.
ட்யூப்லைட்டில் உன்னுடையது ஆஸ்பத்திரி, என்றான்.
மஞ்சள் பல்பில் உன்னுடையது பழைய பனியன், என்றேன்.
ஒரு முழு ஞாயிறு பேசவில்லை.
கத்தரிப்பூ, கிளிப்பச்சை என்றால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்,
வேண்டாம் என்பதில் நாங்கள் ஒற்றுமை.
நிறமே இல்லாத நிறத்துக்கு
இவ்வளவு சண்டை இருக்கிறது என்று யார் கண்டது?

பெயிண்டர் ராம்சூரத் மதிப்புப் போட வந்தார்.
மூக்கு ஒட்டப் பார்த்தார். கதவருகே போய் நின்று பார்த்தார்.
"தோனோ சஃபேத், பாபி."
சதுர அடிக்குப் பதினெட்டு ரூபாய்,
ஓதம் ஏறிய மூலைக்குத் தனி.
ஓதத்தைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.
அதற்கு அட்டையில் பெயர் கிடையாது.

பிறகு மழை. மழையில் யாரும் சுவர் அடிப்பதில்லை.
எதிரே நீலத் தார்ப்பாய் போர்த்தினார்கள்,
நான்கு மாதம் மீன்தொட்டிக்குள் இருந்து சாப்பிட்டோம்.
பச்சரிசியின் மேல் உட்கார்ந்து ஒரு பல்லி சொல்லியது.
காலண்டரின் பின்பக்கம் பலன் தேடினேன்,
திசைகள் மட்டும் இருந்தன.

அக்டோபரில் எதிர்க் கட்டடம் காலி.
முப்பத்திரண்டு மாடி வரப்போகிறதாம்.
லுங்கிகள் போயின. துளசித் தொட்டிகள் போயின.
பச்சை வலை, அதற்குள் சம்மட்டி,
நாளுக்கொரு அறை மேலிருந்து கீழாக.
உடைவதற்கு முன்னால் ஒவ்வொன்றும்
கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துத் திறந்து கிடக்கும்:
மயில் நீலம், குங்குமம்,
எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு சமையலறை மஞ்சள்.
அங்கே யாரும் அரிசி நிறத்தில் வாழவில்லை.

டிசம்பர் இரண்டு, காலை எட்டரை.
ஒரு செருப்பில் கால் விட்டிருந்தேன்.
கூடத்துக்குள் வெயில்.
எந்தச் சுவரிலும் பட்டுத் திரும்பாத,
யாரிடமும் சாயம் வாங்காத வெயில்.

புழுங்கல் புழுங்கலாக இருந்தது.
பச்சரிசி பச்சரிசியாக இருந்தது.
எட்டு மாதமாக இரண்டு பேரும் சொன்னது
சரிதான்.

ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை.
சோஃபாவுக்கு மேலே, பேரில்லாத பழைய சுவரில்,
தலையெண்ணெய் படிந்த இரண்டு வட்டங்கள்.
அவனுடையது நான்கு விரல் உயரம்.
என்னுடையது கொஞ்சம் அவன் பக்கம் நகர்ந்திருந்தது.
இத்தனை நாள் அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்து
சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ராம்சூரத் போன் செய்தார், எப்போது வரட்டும்?
எதிரே கட்டடம் ஏறட்டும், என்றான்.
எவ்வளவு?
மூன்றாம் மாடி தாண்டட்டும்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை,
பிறகு, ஓதத்துக்கு ரேட் ஏறிவிடும், என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எட்டு ஐம்பது ரயில்.
இன்னொரு செருப்பு
வெயிலில் கிடந்தது.